சென்னையில் மருத்துவ உளவியல் தொழிலின் உருவாக்கம்: பயிற்சி, சிகிச்சை அணுகுமுறை, சட்டத் தகுதி (1943–2017)

ஆய்வுச்சுருக்கம்

மனநலப் பணியில் மருத்துவருக்கு அடுத்த நிலையில் வைத்துப் பேசப்படும் மருத்துவ உளவியலாளர் என்னும் தொழிலாளர் சென்னை நகரில் எவ்வாறு உருவானார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் உளவியல் துறை தோன்றியது. எனினும் நோயாளியை நேரில் கண்டு சிகிச்சையளிப்பதற்கான பயிற்சி நெடுங்காலம் பெங்களூரிலும் இராஞ்சியிலுமே கிடைத்தது. இந்த இடைவெளியில் சென்னையின் உளச்சிகிச்சை முறைகள் மருத்துவர், சமூகப் பணியாளர், தன்னார்வலர், பெற்றோர் ஆகியோரின் கைகளில் வளர்ந்தன. 1992, 2017ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொழிலாளரின் பட்டத்தை வரையறுத்தன. நகரில் முன்பே உருவாகியிருந்த முறையை அவை தொடவில்லை. இவ்விரண்டிற்கும் இடையிலான இடைவெளியே உதவி தேடி வருபவரின் இன்றைய இடர்ப்பாட்டிற்கு ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.

திறவுச்சொற்கள்: மருத்துவ உளவியல், உளச்சிகிச்சை, கீழ்ப்பாக்கம், அடையாறு, குடும்பப் பங்கேற்பு, இந்திய மறுவாழ்வுக் குழு, மனநலப் பராமரிப்புச் சட்டம்

முன்னுரை

சென்னைப் பேச்சுவழக்கில் 'கீழ்ப்பாக்கம்' என்பது ஓர் ஊர்ப்பெயர் மட்டுமன்று. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்னும் தொடர் ஒருவரை இழித்துரைக்கும் வசவாகத் தெருவிலும் திரைப்படத்திலும் வழங்கி வந்துள்ளது. ஒரு மருத்துவமனை அமைந்த இடத்தின் பெயரே வசவாக மாறிய நகரில், மனத்துன்பம் உற்றவர் உதவி தேடிப் புறப்படுவது எளிதன்று. அவர் எங்கே போகிறார், யாரைக் காண்கிறார், அங்கே அவருக்கு என்ன செய்யப்படுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் கடந்த முக்கால் நூற்றாண்டில் விடைகள் மாறியுள்ளன. அம்மாற்றத்தின் வரலாறு இதுவரை பெரும்பாலும் மருத்துவமனைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மருத்துவர் அல்லாத ஒருவர் பேச்சின் வழியாகச் சிகிச்சையளிக்கும் தொழில் எவ்வாறு உருவாகியது என்பது தனியே நோக்கத்தக்கது. அத்தொழிலாளரின் கல்விப் பின்புலம், அவருடைய சிகிச்சை அணுகுமுறை, அவருக்கான சட்டத் தகுதி என்னும் மூன்று கூறுகளை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது.

பெயரும் பொருளும்

மனநலத் துறையில் பணியாற்றுவோரைப் பொதுமக்கள் பெரும்பாலும் 'டாக்டர்' என்னும் ஒரே சொல்லால் அழைக்கின்றனர். ஆயினும் இவர்களிடையே தெளிவான வேறுபாடுகள் உள்ளன. மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதித்தரும் உரிமை உடையவர். மருத்துவ உளவியலாளர் உளவியலில் முதுகலைப் பட்டமும் அதன்மேல் மருத்துவமனையில் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் பெற்றவர்; உளச்சோதனைகளை நிகழ்த்துவதும் உளச்சிகிச்சை அளிப்பதும் அவருடைய பணிகள்; மருந்து எழுதுவது அவருடைய பணியன்று. இவ்விருவரினும் வேறான மூன்றாமவர், வாழ்க்கைச் சிக்கல்களில் துணைநிற்கும் ஆலோசகர்.

இம்மூன்றாமவருக்குத் தமிழில் வழங்கும் பெயர்களே ஒரு விவாதத்தைக் காட்டுகின்றன. 'ஆலோசகர்' என்னும் சொல் அறிவுரை கூறுபவரைக் குறிக்கிறது. 'ஆற்றுப்படுத்துநர்' என்னும் சொல் வழிகாட்டுபவரைக் குறிக்கிறது. ஆற்றுப்படை இலக்கியத்தின் நினைவும் அதில் உண்டு. இலங்கைத் தமிழர் வழங்கும் 'உளவளத்துணை' என்னும் சொல், துன்புறுபவரிடம் ஏற்கெனவே ஒரு வளம் உண்டு என்றும் உதவுபவர் அதற்குத் துணை மட்டுமே என்றும் பொருள் தருகிறது. அறிவுரை கூறுதல், வழிகாட்டுதல், துணைநிற்றல் என்னும் இம்மூன்று பொருள்களும் மூன்று சிகிச்சை அணுகுமுறைகளோடு பொருந்துவன. சென்னையின் உளச்சிகிச்சை வரலாறு இம்மூன்றிற்கும் இடையே நடந்த ஊசலாட்டம் எனலாம்.

கீழ்ப்பாக்கம்: காவலிலிருந்து சிகிச்சைக்கு

சென்னையில் மனநோயாளர்க்கான முதல் இல்லம் 1794இல் வாலன்டைன் கொனலி என்னும் அறுவை மருத்துவரால் தொடங்கப்பட்டது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. அன்று கீழ்ப்பாக்கம் நகரின் ஓரமாக, தோட்டங்கள் சூழ்ந்த பகுதியாக இருந்தது. 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் நோயாளியைச் சேர்க்கும் முறையை நீதித்துறை நடுவரின் ஆணையோடு பிணைத்தது. 1922இல் காப்பகம் என்னும் பெயர் நீங்கி, மனநோய் மருத்துவமனை என்னும் பெயர் வந்தது. பெயர் மாறியதேயன்றி, உள்ளே வந்தவர் வெளியே செல்லும் வழி அகலமாகவில்லை. போர் குழு 1946இல் அளித்த அறிக்கை, ஏறத்தாழ 40 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் மனநோயாளர்க்குச் சுமார் 10,000 படுக்கைகளே இருந்தமையைச் சுட்டியது. பயிற்சி நிறுவனம் ஒன்றின் தேவையையும் வலியுறுத்தியது.

கீழ்ப்பாக்கத்தின் மாற்றத்தை எம். சாரதா மேனனின் பணியிலிருந்து தொடங்குவது பொருந்தும். 1923இல் மங்களூரில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பெங்களூர் அனைத்திந்திய மனநல நிறுவனத்தில் மனநல மருத்துவம் கற்ற அவர், 1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவரே. 1978இல் ஓய்வு பெறும்வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். நோயாளிகளுக்குத் தொழில் பயிற்றும் தொழில்வழிச் சிகிச்சை மையம் அக்காலத்தில் உருவானது. நோய் தணிந்தவரை வீட்டார் திரும்ப அழைத்துச் செல்ல வேண்டுமாயின் அவரால் ஏதேனும் செய்ய இயலும் என்பது வீட்டாருக்குப் புலப்பட வேண்டும் என்னும் எண்ணம் இம்முயற்சியின் அடிப்படை. 1984இல் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையான ஸ்கார்ஃப், மறுவாழ்வையும் குடும்பத்தாருக்கான கல்வியையும் மருந்தோடு சேர்த்தே வைத்தது. 1992இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

இக்கட்டுரையின் பொருளுக்கு இதில் ஒரு செய்தி முதன்மையானது. சாரதா மேனன் மருத்துவரே. மருத்துவ உளவியலாளர் அல்லர். எனினும் பின்னர் மருத்துவ உளவியலாளரின் பணியாகக் கருதப்பட்ட குடும்பக் கல்வி, மறுவாழ்வு, தொடர் கவனிப்பு ஆகியவற்றுக்கான தேவையை நகரில் உருவாக்கியவர்களுள் அவர் முன்னவர். தேவை முதலில் வந்தது. அதை நிறைவேற்றுவதற்கான தனித்தொழில் பின்னர் வந்தது.

பயிற்சியின் பாதை: சேப்பாக்கமும் பெங்களூரும்

இந்தியாவில் உளவியல் தனித்துறையாகக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916இல் தொடங்கியது. அங்கே கிரீந்திரசேகர போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். மருத்துவராகவும் உளவியல் ஆசிரியராகவும் ஒருங்கே விளங்கிய அவரால் வகுப்பறையும் சிகிச்சை அறையும் ஒரே நகரில் நெருங்கின. 1940இல் லும்பினி பார்க் மனநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டபோது இந்நெருக்கம் ஒரு நிறுவன வடிவம் பெற்றது.

சென்னையின் பாதை வேறானது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் உளவியல் துறை தொடங்கப்பட்டது. பின்னர் அத்துறையில் பணியாற்றிய டி. இ. சண்முகம் பிறழ்நிலை உளவியல் பற்றிப் பாடநூல் எழுதியவர். ஆய்வும் கற்பித்தலும் சேப்பாக்கத்தில் வளர்ந்தன. நோயாளிகள் கீழ்ப்பாக்கத்தில் இருந்தனர். இவ்விரு இடங்களுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே உண்டு. ஆயினும் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்ற ஒருவர் முறையான மருத்துவமனைப் பயிற்சி பெற விரும்பினால் வேறு மாநிலத்திற்குச் செல்ல வேண்டியிருந்தது.

போர் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1954இல் பெங்களூரில் அனைத்திந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. 1955இல் அங்கே மருத்துவ உளவியலுக்கான பட்டயப் படிப்பு தொடங்கியது. இராஞ்சியில் அத்தகைய படிப்பு 1962இல் தொடங்கியது. பெங்களூர் நிறுவனமே 1974இல் நிம்ஹான்ஸ் ஆயிற்று. பட்டயம் பின்னர் எம்.ஃபில். பட்டமாக மாறியது. இந்திய மருத்துவ உளவியலாளர் சங்கம் 1968இல் உருவானது. அதன் ஆய்விதழ் 1974இல் வெளிவரத் தொடங்கியது. தொழிலுக்கு வேண்டிய பட்டம், சங்கம், இதழ் ஆகிய மூன்றும் இவ்வாறு இருபதாண்டுக் காலத்தில் அமைந்தன.

இதே காலத்தில் சென்னையில் வேறொரு பயிற்சி கிடைத்தது. மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் நிறுவிய சென்னைச் சமூகப் பணிப் பள்ளி, மருத்துவமனைகளிலும் நலவாழ்வு நிறுவனங்களிலும் களப்பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களை உருவாக்கியது. மருத்துவ உளவியலாளர் பெங்களூரிலிருந்து வர வேண்டியிருந்த நகரில், சமூகப் பணியாளர் எழும்பூரிலிருந்தே வந்தார். சென்னையின் உளச்சிகிச்சையில் தனிமனித மனத்தின் ஆழத்தை அகழ்வதைக் காட்டிலும் குடும்பம், பொருளாதாரம், வேலை ஆகியவற்றைச் சீர்செய்யும் போக்கு மேலோங்கியதற்கு இது ஒரு காரணமாகலாம்.

தொடக்ககால மருத்துவ உளவியலாளரின் முதன்மைப் பணி சிகிச்சையன்று, சோதனையே. நுண்ணறிவை அளத்தல், ஆளுமையைக் கணித்தல், மூளைப் பாதிப்பை இனங்காணல் ஆகியவற்றுக்காகவே மருத்துவர்கள் அவரை நாடினர். அக்கருவிகளின் மொழியும் ஒரு சிக்கலாயிருந்தது. வி. வி. காமத் 1940இல் நூலாக வெளியிட்ட நுண்ணறிவுச் சோதனை, மராத்தியும் கன்னடமும் பேசும் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்தப்பட்டது. சி. எம். பாட்டியா 1955இல் வெளியிட்ட செயல்வழிச் சோதனை, எழுத்தறிவின்மை ஒரு தடையாகாதவாறு அமைக்கப்பட்டது. தமிழ்க் குழந்தையின் சொற்களஞ்சியத்தைப் பிறமொழிக் குழந்தையின் அளவுகோலால் அளக்கும்போது, குறைபாடு குழந்தையினுடையதா, அளவுகோலினுடையதா என்னும் ஐயம் எழுகிறது. சோதனையாளர் என்னும் நிலையிலிருந்து சிகிச்சையாளர் என்னும் நிலைக்கு வருவதே இத்தொழிலின் அடுத்த படியாயிற்று.

அணுகுமுறை: நாற்காலிகள் இரண்டா, நான்கா?

மேலைநாட்டு உளச்சிகிச்சையின் பெரும்பாலான முறைகள் இருவர் தனித்து உரையாடும் அறையை அடிப்படையாகக் கொண்டவை. துன்புறுபவர் தாமாக வருவார், தம்மைப் பற்றித் தாமே பேசுவார், தம் முடிவைத் தாமே எடுப்பார் என்பன அவற்றின் எடுகோள்கள். இந்தியச் சிகிச்சை அறைக்கு வருபவர் பெரும்பாலும் தனியே வருவதில்லை. தாயோ கணவரோ மாமனாரோ உடன் வருகின்றனர். பல வேளைகளில் அவர்களே முதலில் பேசுகின்றனர்.

இதை இடையூறாகக் கருதாமல் சிகிச்சையின் கருவியாக மாற்றிய முயற்சிகள் 1950களில் தொடங்கின. அமிர்தசரசில் வித்யாசாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் குடும்பத்தார் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாக்கியது. உடன் தங்கும் தாய் மகனின் நோயைப் பற்றிக் கற்றார். மருந்து கொடுக்கும் முறையையும் சினத்தைத் தணிக்கும் முறையையும் அறிந்தார். அதே நிலையில் உள்ள பிற தாயரைக் கண்டார்.

இவ்வனுபவங்களிலிருந்து கோட்பாட்டு விவாதமும் எழுந்தது. என். சி. சூரியாவும் எஸ். எஸ். ஜெயராமும் 1964இல் எழுதிய கட்டுரை, இந்திய நோயாளி தம் அகமனத்தின் விளக்கத்தைக் காட்டிலும் வெளிப்படையான ஆதரவையும் சூழலில் மாற்றத்தையும் நாடுகிறார் என்று சுட்டியது. ஜே. எஸ். நேகி 1973இல், குரு–சீடர் உறவை உளச்சிகிச்சைக்கான ஒரு மாதிரியாகக் கொள்ள இயலுமா என ஆராய்ந்தார். குருவிடம் வருபவர் விடையை எதிர்பார்க்கிறார். விடை கூறாமல் கேட்டுக்கொண்டிருப்பவர் அவருக்கு உதவாதவராகத் தோன்றலாம் என்பது இவ்விவாதத்தின் சாரம்.

தமிழ்ச் சூழலில் இதற்கு மொழி சார்ந்த ஒரு கூறும் உண்டு. மனச்சோர்வு உற்றவர் 'எனக்கு மனச்சோர்வு' என்று பெரும்பாலும் கூறுவதில்லை. 'தலை பாரமாக இருக்கிறது', 'நெஞ்சு படபடக்கிறது', 'உடம்பு அசதியாக இருக்கிறது', 'மனசு சரியில்லை' என்று கூறுகிறார். உடலும் உள்ளமும் இம்மொழியில் பிரிந்து நிற்கவில்லை. மனத்தின் நிலை மெய்யில் தோன்றும் என்னும் கருத்தைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் ஓர் இலக்கியக் கோட்பாடாக வகுத்துள்ளமை இங்கு நினைக்கத்தக்கது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் தலைபாரத்தை விலக்கிவிட்டு 'உண்மையான' சிக்கலைத் தேடுவதில்லை. தலைபாரம் எப்போது வருகிறது, அப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள், அது வந்தபின் என்ன செய்ய நேர்கிறது என்னும் வினாக்களின் வழியே அவர் முன்செல்கிறார். அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை நிகழ்வு, எண்ணம், உணர்வு, செயல் எனப் பிரித்து நோக்கும் வரிசை இவ்வினாக்களில் இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

தென்சென்னையின் மூன்று முயற்சிகள்

1980களில் உளச்சிகிச்சையின் இடம் நகரின் தெற்குப் பகுதிக்கு விரிந்தது. மதிலும் காவலும் உள்ள வளாகத்திலிருந்து குடியிருப்புத் தெருக்களின் கட்டடங்களுக்கு அது நகர்ந்தது. இவ்விரிவில் மூன்று முயற்சிகள் அணுகுமுறை நோக்கில் முதன்மையானவை.

முதலாவது அடையாற்றில் தோன்றியது. குடிநோயால் 1979இல் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இயங்குகிறது. குடிப்பழக்கத்தை ஒழுக்கக்கேடாகக் கருதாமல் நோயாகக் கருதுவது, உடலிலிருந்து மதுவின் தாக்கம் நீங்கியபின் உளச்சிகிச்சையைத் தொடர்வது, குழுவாக அமர்ந்து பேசுவது, மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் தனியாக ஒரு பயிற்சியை நடத்துவது, வீடு திரும்பியபின் தொடர்ந்து கவனிப்பது ஆகியன அதன் கூறுகள். அமெரிக்காவில் உருவான குடிநோய்ச் சிகிச்சை முறைகளில் சாந்தி ரங்கநாதன் பயிற்சி பெற்றிருந்தார். அம்முறை இங்கே வந்தபோது குடும்பத்தாரின் பங்கு விரிந்தது. மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் நடந்த சிகிச்சை முகாம்களில் ஊராரின் பங்கும் சேர்ந்தது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இரண்டாவது, மயிலாப்பூரை அடுத்த இராசா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் ஸ்நேகா. மனநல மருத்துவரான லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய இத்தற்கொலைத் தடுப்பு அமைப்பில் பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். இலண்டனில் சாட் வாரா 1953இல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் மரபைச் சேர்ந்த அணுகுமுறை இது. தன்னார்வலர் அறிவுரை கூறுவதில்லை, தீர்ப்பு வழங்குவதில்லை, கேட்கிறார், கேட்டதை மறைபொருளாகக் காக்கிறார். நேகியின் குரு மாதிரிக்கு இது நேர் எதிரானது. விடையை எதிர்பார்த்து வருபவர் என்று ஆய்வாளர்கள் விவரித்த அதே சமூகத்தில், விடை கூறாத காதுக்கும் தேவை இருந்தது. வீட்டில் அறிவுரை கூறுவோர் பலர் இருப்பதும், இடைமறிக்காமல் கேட்போர் இல்லாமையும் இதற்குக் காரணமாகலாம்.

ஸ்நேகாவின் பணி அறைக்குள் முடியவில்லை. பொதுத்தேர்வில் தவறிய மாணவர் ஓராண்டு காத்திருக்காமல் மீண்டும் எழுத வழிசெய்யும் துணைத் தேர்வை அவ்வமைப்பு வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் அம்முறை நடைமுறைக்கும் வந்தது. தனி மனத்தின் நெருக்கடிக்குச் சூழலின் மாற்றமும் ஒரு சிகிச்சை என்னும் சூரியா–ஜெயராம் கருத்துக்கு இது பொருத்தமான சான்று.

மூன்றாவது தியாகராய நகரில் 1989இல் தொடங்கப்பட்ட மதுரம் நாராயணன் மையம். அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உடைய குழந்தைகளுக்கு இளம்பருவத்திலேயே பயிற்சியளிக்கும் இம்மையத்தில் பெற்றோர் குழந்தையுடன் பங்கேற்கின்றனர். குழந்தைக்கு ஒரு மணிநேரம் கற்பிக்கும் வல்லுநரைக் காட்டிலும் நாள் முழுவதும் உடனிருக்கும் தாயைக் கற்பிப்பவராக்குவது பயன்தரும் என்பது இம்முறையின் அடிப்படை. சோதனை முடிவை எண்ணாகக் கூறி அனுப்பும் வழக்கத்திலிருந்து, அம்முடிவைப் பயிற்சித் திட்டமாக மாற்றும் வழக்கத்திற்கு இங்கே ஒரு நகர்வு நிகழ்ந்தது.

மூன்று முயற்சிகளுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. மூன்றும் சிகிச்சையின் ஒரு பகுதியை வல்லுநர் அல்லாதவரிடம் ஒப்படைத்தன. அடையாற்றில் அவர் குடிநோயாளியின் மனைவி. இராசா அண்ணாமலைபுரத்தில் தன்னார்வலர். தியாகராய நகரில் தாய். எந்த ஒன்றிலும் அவர் பயிற்சியின்றி விடப்படவில்லை என்பதும் கருதத்தக்கது.

இவ்வாறு ஒப்படைப்பது பயன்தருமா என்பதற்கு ஒரு பன்னாட்டு ஆய்வு விடை தருகிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடையே உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களைச் சேர்ந்த 1,867 பேர் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் அளிக்கப்பட்டது. மற்றொரு பகுதியினருடன் ஒரு மணிநேரம் தனியே பேசியபின், அடுத்த 18 மாதங்களில் ஒன்பது முறை தொடர்புகொண்டு நலம் விசாரிக்கப்பட்டது. 2008இல் வெளியான முடிவின்படி, முதல் பகுதியினரில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தனர். இரண்டாம் பகுதியினரில் அது 0.2 விழுக்காடு. நுட்பமான கோட்பாடு எதனையும் சாராத, ஒழுங்கு தவறாத தொடர்பே உயிர் காத்தது.

சட்டம் வரையறுத்தது

முறைகள் இவ்வாறு வளர்ந்தபின்னரே சட்டம் தொழிலாளரை வரையறுக்க வந்தது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்து, 1912ஆம் ஆண்டுச் சட்டத்தை அகற்றியது. எனினும் அதன் மையம் மருத்துவமனையும் மனநல மருத்துவருமே. மருத்துவ உளவியலாளருக்குச் சட்ட அடையாளம் வேறொரு வழியாக வந்தது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்காகப் பணிபுரிவோரின் பட்டியலில் மருத்துவ உளவியலாளரையும் சேர்த்தது. மையப் பதிவேட்டில் பதியாதவர் இத்தொழிலை நடத்துதல் குற்றமாயிற்று. அதற்கான தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். மனநலத் தொழிலாளருக்கான அடையாளம் மனநலச் சட்டத்தின் வழியாக அன்றி மறுவாழ்வுச் சட்டத்தின் வழியாக வந்தமை, சோதனையாளராகவே அவரைக் கண்ட பழைய பார்வையின் தொடர்ச்சி எனலாம்.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர்கள் இறந்தனர். தகுதியோ மேற்பார்வையோ இன்றி மனநோயாளரை வைத்திருப்பதன் விளைவை நாடு முழுவதும் அறிந்த நாள் அது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைத்தலை எவ்வடிவிலும் தடைசெய்தது. சிகிச்சை பெறுபவரின் மறைகாப்பு உரிமையை உறுதிசெய்தது. மருத்துவ உளவியலாளர் யார் என்பதையும் அச்சட்டம் வரையறுத்தது. மறுவாழ்வுக் குழு ஏற்பளித்த நிறுவனத்தில் மருத்துவ உளவியல் தகுதி பெற்றவர், அல்லது உளவியலில் முதுகலையும் மேற்பார்வையுடன் கூடிய ஈராண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் பெற்றவர் என்பது அவ்வரையறையின் சாரம். 1955இல் பெங்களூரில் தொடங்கிய பயிற்சியின் வடிவமே இவ்வாறு நாட்டின் சட்டமாயிற்று.

இவ்வரையறைக்குள் வராத உளவியலாளர்களும் ஆலோசகர்களும் நெடுங்காலம் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறவில்லை. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவர்களுள் ஒரு பகுதியினரைத் தன் வரம்புக்குள் கொணர முற்பட்டுள்ளது.

பட்டமும் முறையும்: ஒரு மதிப்பீடு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து இரு எதிர்நிலைகளைப் பெற இயலும். பட்டமும் பதிவும் உடையவர் மட்டுமே உளச்சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது ஒன்று. மனைவியும் தன்னார்வலரும் தாயும் உதவ இயலுமாயின் பட்டத்தை வற்புறுத்துவது தேவையற்றது என்பது மற்றொன்று. இரண்டும் நிறைவற்றவை.

முதல் நிலையின் குறைபாடு எண்ணிக்கையில் உள்ளது. 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 18 வயதுக்கு மேற்பட்டோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கண்டது. கோளாறு உடையோரில் 70 முதல் 92 விழுக்காடு வரையினர், கோளாற்றின் வகைக்கேற்ப, சிகிச்சை பெறாதிருந்தனர். ஈராண்டு மருத்துவமனைப் பயிற்சி பெற்றவர்களால் மட்டும் இவ்விடைவெளியை நிரப்ப இயலாது.

இரண்டாம் நிலையின் குறைபாடு இன்னும் கடுமையானது. கேட்பதற்குப் பயிற்சி பெற்றவர் கேட்கலாம். ஆனால் தன்னைத் துன்புறுத்தும் குரல்கள் கேட்கின்றன என்று கூறுபவரின் நோயை இனங்காண்பதும், குழந்தையின் பேச்சுத் தாமதம் செவிக்குறையாலா அறிவு வளர்ச்சிக் குறையாலா என்று பிரித்தறிவதும், தற்கொலை எண்ணத்தின் தீவிரத்தைக் கணித்து மருத்துவரிடம் உடனே அனுப்புவதும் வேறு வகைத் திறன்கள். அத்திறன்கள் நோயாளிகளிடையே, பிறர் மேற்பார்வையில், தவறு திருத்தப்பட்டுக் கற்கப்படுவன. சில வாரச் சான்றிதழ்ப் படிப்பால் அவை வருவதில்லை. பெயர்ப்பலகையில் 'உளவியல் நிபுணர்' என்று மட்டும் இருக்கும்போது இவ்வேறுபாட்டை உதவி தேடி வருபவரால் அறிய இயலாது. பிழை நேரின் அதன் விலையைக் கொடுப்பவரும் அவரே.

தென்சென்னையின் மூன்று முயற்சிகள் இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஒரு வழியைக் காட்டுகின்றன. அவற்றில் பணி பகுக்கப்பட்டிருந்தது. இனங்காணல், மதிப்பிடல், சிகிச்சைத் திட்டம் வகுத்தல் ஆகியன பயிற்சி பெற்ற வல்லுநரிடம் இருந்தன. கேட்டல், உடனிருத்தல், தொடர்ந்து கவனித்தல் ஆகியன பயிற்றப்பட்ட பிறரிடம் இருந்தன. எவர் எதைச் செய்கிறார் என்பது வருபவருக்கு மறைக்கப்படவில்லை. ஸ்நேகாவின் தன்னார்வலர் தம்மை மருத்துவர் என்று கூறிக்கொண்டதில்லை.

இப்பகுப்பிலும் ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. குடும்பம் சிகிச்சையின் துணையாகும்போது சிகிச்சை பெறுபவரின் தனியுரிமை சுருங்கக்கூடும். துன்பத்தின் ஊற்றே வீடாக இருக்கும்போது, உடன் வந்த கணவர் முன்னிலையில் மனைவி என்ன கூற இயலும்? 2017ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கும் மறைகாப்பு உரிமை தனிமனிதருக்கானது. சென்னையில் வளர்ந்த முறை குடும்பத்தை மையமாகக் கொண்டது. இவ்விரண்டையும் ஒவ்வொரு அமர்விலும் இணக்க வேண்டிய பொறுப்பு சிகிச்சையாளரைச் சேர்ந்தது. முதலில் அனைவரையும் ஒருங்கே கண்டு, பின்னர் உரியவரைத் தனியே கண்டு, எதை வீட்டாரிடம் கூறலாம் என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யும் நடைமுறை இதற்கு உதவும்.

முடிவுரை

சென்னையில் உளவியல் கல்வியும் மனநோய்ச் சிகிச்சையும் தனித்தனி இடங்களில் வளர்ந்தன. அவற்றை இணைக்கும் மருத்துவமனைப் பயிற்சி வெளிமாநிலங்களில் அமைந்தமையால், நகரின் உளச்சிகிச்சை முறைகளை மருத்துவ உளவியலாளர் அல்லாதோரே பெரிதும் உருவாக்கினர். அம்முறைகளின் தனிக்கூறு, பயிற்றப்பட்ட குடும்பத்தாரையும் தன்னார்வலரையும் சிகிச்சையின் பங்காளராக்கியமை. 1992, 2017ஆம் ஆண்டுச் சட்டங்கள் பட்டத்தை வரையறுத்து வருபவருக்கு ஒரு பாதுகாப்பை அளித்தன; முறை பற்றியும் பணிப் பகுப்பு பற்றியும் அவை போதிய அளவு பேசவில்லை.

மருத்துவ உளவியல் பாடத்திட்டங்கள் குடும்பத்துடன் பணிபுரிதலையும், தமிழில் துன்பம் சொல்லப்படும் முறையையும், தன்னார்வலரைப் பயிற்றி மேற்பார்வையிடுதலையும் பயிற்சியின் பகுதியாக்க வேண்டும். சிகிச்சையாளர் ஒவ்வொருவரும் தம் பட்டத்தையும் பதிவெண்ணையும் தம்மால் செய்ய இயலாதவற்றையும் முதல் அமர்விலேயே தமிழில் எழுதிக் கொடுப்பது வழக்கமாக வேண்டும். 'கீழ்ப்பாக்கம்' என்னும் சொல்லுக்கு அஞ்சி நெடுநாள் வீட்டிற்குள்ளேயே இருந்துவிட்டு, இறுதியில் அடையாற்றிலோ மயிலாப்பூரிலோ ஒரு வாயிற்படியை ஏறுபவருக்கு, எதிரே அமர்ந்திருப்பவர் யார் என்பதை அறியும் உரிமை உண்டு.